உடன்பொதி நூலகங்களும் பராமரிப்பு உழைப்பும்: மென்பொருள் உற்பத்தியின் ஒரு பிரச்சினை பற்றிய விளக்கம்

1. பிரச்சினையின் இயல்பு

இன்று பயன்பாட்டிலுள்ள எந்தவொரு பெரிய மென்பொருளும் அதன் ஆக்கியோர் எனக் கூறப்படுவோரால் முற்றுமுழுதாக எழுதப்பட்டதன்று. இணைய உலாவி ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். படங்களை விரித்துக் காட்டும் பகுதி, எழுத்துருக்களை வரையும் பகுதி, தரவுகளைச் சுருக்கியும் விரித்தும் தரும் பகுதி, மறைகுறியாக்கத்தைக் கவனிக்கும் பகுதி என்பன பெரும்பாலும் வேறு வேறு மனிதர் வேறு வேறு நோக்கங்களுக்காக ஆக்கியவை. பல நிரல்களுக்குப் பொதுவாக வேண்டப்படும் ஒரு செயலைத் தனியே எழுதி, வேண்டியோர் எடுத்தாளுமாறு வெளியிடப்படும் தொகுதியே நிரல் நூலகம் எனப்படுகின்றது.

எடுத்தாளும் முறைகளுள் இரண்டு முக்கியமானவை. முதலாவது முறையில் நூலகத்தின் ஒரே பிரதி கணினியின் பணிசெயல் முறைமையில் நிறுவப்பட்டிருக்கும். அதனை வேண்டும் நிரல்கள் யாவும் அந்த ஒரு பிரதியையே பகிர்ந்துகொள்ளும். இரண்டாவது முறையில், நூலகத்தின் மூலநிரலைப் பிரதிசெய்து, தமது திட்டத்தின் கோப்புறைகளுள் ஒன்றில் வைத்து, திட்டத்தோடு சேர்த்தே வெளியிடுவர். இவ்வாறு உள்ளே வைக்கப்பட்ட பிரதியை உடன்பொதி நூலகம் எனவும், அது எங்கிருந்து பெறப்பட்டதோ அதனை மூலத்திட்டம் எனவும் இக்கட்டுரையில் நாம் குறிப்பிடுவோம்.

பிரதிசெய்தல் சில நிமிடங்களில் முடிந்துவிடும் காரியமாகும். ஆனால் மூலத்திட்டம் அதன் பின்னரும் தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கின்றது. அங்கே தவறுகள் திருத்தப்படுகின்றன, பாதுகாப்புக் குறைபாடுகள் கண்டறியப்படுகின்றன, இடைமுகங்கள் மாற்றப்படுகின்றன. உள்ளே வைக்கப்பட்ட பிரதியோ, எவரேனும் ஒருவர் உழைத்து அதனைப் புதுப்பிக்கும்வரை, பிரதிசெய்த நாளில் இருந்தவாறே இருக்கும். அந்த உழைப்பு யாருடையது, அது எவ்வாறு செய்யப்படல் வேண்டும் என்பனவே நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினாக்களாகும்.

இதனைப் பொறியியலாளருக்கு மட்டும் உரிய விடயமெனக் கருதுதல் பொருந்தாது. நிரலும் எழுதப்பட்ட ஒரு பனுவலே. ஏட்டுப் பிரதிகளின் வழிமுறையையும் பாடபேதங்களையும் ஆராய்ந்து பழகியோர்க்கு, பிரதி மூலத்தினின்றும் பிரிந்து தனக்கென ஒரு வரலாற்றைத் தேடிக்கொள்ளும் இயல்பு புதியதன்று. அதனினும் முக்கியமானது இதன் சமூகப் பரிமாணமாகும். மனிதருக்கிடையேயான உறவுகள் பொருள்களுக்கிடையேயான உறவுகளாகத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் 1867 இல் வெளியான ‘மூலதனம்’ முதற் பாகத்தில் விளக்கினார். உடன்பொதி நூலகத்தின் தோற்றமும் இத்தகையதே. கோப்புறையில் அமைதியாகக் கிடக்கும் ஒரு பொருளாக அது தென்படுகின்றது. உண்மையில், அதனை ஆக்கிப் பேணுவோருக்கும் அதனை எடுத்தாள்வோருக்கும் பயன்படுத்தும் பொதுமக்களுக்கும் இடையிலான தொடர்ச்சியான உழைப்புறவு அதனுள் மறைந்துள்ளது. அவ்வுறவு மறக்கப்படும்போது நிகழ்வன யாவை என்பதைச் சில வரலாற்று நிகழ்ச்சிகள் துலாம்பரமாகக் காட்டுகின்றன.

2. பொதிவதற்கான காரணங்கள்

பொதிதலை வெறும் சோம்பலின் விளைவு எனத் தள்ளிவிடுதல் விஞ்ஞானபூர்வமான அணுகுமுறையாகாது. அதற்குப் புறநிலைக் காரணங்கள் உள. விண்டோஸ் போன்ற முறைமைகளிலே, நூலகங்களைப் பொதுவாக நிறுவிப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கு நெடுங்காலமாக வலுவாக இருக்கவில்லை. ஆதலால் நிரலை வெளியிடுவோர் வேண்டியவற்றையெல்லாம் உடன்கொண்டு செல்லவேண்டியவராயினர். ஒரு குறிப்பிட்ட பதிப்போடு சோதித்துப் பார்த்த நிரல், பயன்படுத்துவோரின் கணினியிலும் அதே பதிப்போடு இயங்கும் என்னும் உறுதியைப் பொதிதல் அளிக்கின்றது. சில மூலத்திட்டங்கள் தாமே இதனை ஊக்குவிக்கின்றன. தரவுத்தள நூலகமான எஸ்.கியூ.லைட், தன் மூலநிரல் முழுவதையும் ஒரே பெருங்கோப்பாகத் திரட்டி, பிறர் தம் திட்டங்களுள் இலகுவாகச் சேர்த்துக்கொள்ளுமாறு வெளியிட்டு வருகின்றது.

வெளியே தங்கியிருத்தலின் ஆபத்தினை 2016 மார்ச்சில் நிகழ்ந்த ஒரு சம்பவம் புலப்படுத்தியது. எழுத்துச் சரத்தின் இடப்புறத்தை நிரப்புவதற்கான ‘லெஃப்ட்பாட்’ என்னும் நூலகம் 11 வரிகளையே கொண்டது. அதன் ஆசிரியர் என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து அதனை மீளப்பெற்றவுடன், நேரடியாகவோ மறைமுகமாகவோ அதில் தங்கியிருந்த பெருந்திட்டங்கள் பல கட்டமைக்கப்பட முடியாது நின்றன. களஞ்சியத்தை நடத்தியோர் அந்நூலகத்தை மீள இடவேண்டியதாயிற்று. தம் திட்டத்துக்குள் ஒரு பிரதியை வைத்திருந்தோரை இம்முடக்கம் பாதித்திராது.

ஆகவே, பொதிதல் நன்றா தீதா என்னும் வினா பயன்தருவதன்று. பொதிந்தவர் எதனைப் பொறுப்பேற்றுக்கொண்டார் என்பதே கேட்கவேண்டிய வினாவாகும்.

3. பிரதிகளின் பெருக்கம்: இசட்லிப், 2002

தரவுகளைச் சுருக்குவதற்கான இசட்லிப் நூலகத்தை ஜோன்-லூப் கேய்லி, மார்க் அட்லர் ஆகிய இருவர் ஆக்கி 1995 இல் வெளியிட்டனர். எவரும் எவ்வித நோக்குக்கும் பயன்படுத்தலாம் என்னும் தாராளமான உரிமத்தோடு அது வந்தமையால், மிகக் குறுகிய காலத்தில் எண்ணற்ற நிரல்களுள் இடம்பெற்றது.

2002 மார்ச்சில், ஒரே நினைவகப் பகுதியை இருமுறை விடுவிக்கும் தவறொன்று அதில் இருப்பது அறிவிக்கப்பட்டது. சிதைக்கப்பட்ட தரவொன்றைக் கொண்டு நிரலை நிலைகுலையச் செய்யவும், சில சூழ்நிலைகளில் அந்நியர் கட்டளைகளை இயக்கவும் இத்தவறு இடமளிக்கக்கூடும் என அஞ்சப்பட்டது. மூலத்திட்டம் 1.1.4 ஆம் பதிப்பை வெளியிட்டுத் தவறைத் திருத்தியது. பகிரப்பட்ட ஒரு பிரதியைப் பயன்படுத்திய நிரல்களுக்கு அதனோடு பிரச்சினை தீர்ந்தது. ஒன்றை மாற்ற எல்லாம் மாறின. ஆனால் தமக்கெனத் தனிப்பிரதி வைத்திருந்த நிரல்களை அத்திருத்தம் எட்டவில்லை.

தன்னார்வலர் கூட்டு முயற்சியாக லினக்ஸ் முறைமையைத் தொகுத்து வழங்கும் டெபியன் திட்டம், இசட்லிப்பைத் திருத்தியதோடு அமையாது, ஆர்சிங்க், பி.பி.பி. முதலான வேறு பல பொதிகளையும் தனித்தனியே திருத்தி வெளியிட நேர்ந்தது. அவை இசட்லிப்பின் பிரதியைத் தம்முள் கொண்டிருந்தமை அல்லது அதனோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருந்தமையே காரணமாகும். ஒருவர் ஒருமுறை செய்த திருத்தத்தைப் பலர் பலமுறை செய்யவேண்டியதாயிற்று. அதற்கு முன்னர், எந்தெந்த நிரல்களுள் பிரதி உண்டு என்பதைத் தேடிக் கண்டறியும் உழைப்பும் வேண்டப்பட்டது. டெபியனின் கொள்கை ஏடு, இத்தகைய உட்பிரதிகளைத் தவிர்த்துப் பொது நூலகத்தையே பயன்படுத்துமாறு பொதியாளருக்கு அறிவுறுத்துவதும், அதன் பாதுகாப்புக் குழு உட்பிரதிகளின் பட்டியலொன்றைப் பேணிவந்தமையும் இத்தகைய அநுபவங்களின் பின்னணியிலே விளங்கிக்கொள்ளத்தக்கன.

ஆர்சிங்க் பற்றி மேலும் ஒரு செய்தி மனங்கொளத்தக்கது. இரு கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் அந்நிரல், இரு பக்கங்களிலும் ஏற்கெனவே உள்ள பகுதிகளை அனுப்பாது விடுகின்றது. அவ்வாறு அனுப்பாது விட்ட பகுதிகளையும் சுருக்கியின் நினைவில் மட்டும் சேர்த்துக்கொண்டால் சுருக்கம் சிறக்கும் எனக் கண்டு, அதன் ஆக்கியோர் தம்மிடமிருந்த இசட்லிப் பிரதியைச் சற்றே மாற்றியமைத்தனர். நுட்பமான மாற்றந்தான். எனினும், மூலத்திட்டத்தில் இல்லாத அம்மாற்றம் இரு கணினிகளுக்கிடையேயான செய்திமுறையின் ஓர் அங்கமாகிவிட்டமையால், பொது இசட்லிப்போடு பிணைக்கப்பட்ட ஆர்சிங்க் பழைய முறைப்படி சுருக்கும் மற்றோர் ஆர்சிங்கோடு உரையாட இயலாததாயிற்று. இவ்விடரைத் தீர்க்கப் பிற்காலத்தில் புதிய சுருக்கமுறையொன்றைத் தனித் தெரிவாக அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. பிரதியில் செய்யப்படும் உள்ளூர் மாற்றம் எவ்வளவு சிறியதாயினும், அது மூலத்தினின்றும் கிளைத்த மற்றொரு நூலகத்தைத் தோற்றுவிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. பெயரின் முக்கியத்துவம்: லிப்வெப்பி, 2023

இருபதாண்டுகளின் பின்னரும் இப்பிரச்சினை தீர்ந்தபாடில்லை. வெப்பி என்னும் பட வடிவத்தை விரித்துக் காட்டும் லிப்வெப்பி நூலகத்தில், ஹஃப்மன் அட்டவணைகளைக் கட்டும் பகுதியில் ஒதுக்கப்பட்ட நினைவக எல்லையைக் கடந்து எழுதும் குறைபாடொன்று இருந்தது. 2023 செப்டெம்பர் 6 ஆந் திகதி அப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினரும் தொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் ஆய்வகத்தினரும் இதனைக் கூகிளுக்கு அறிவித்தனர். கூகிளின் குரோம் உலாவி சில நாட்களிலேயே திருத்தப்பட்டது. பயர்பொக்ஸும் உடனே தொடர்ந்தது.

இங்கு நாம் அவதானிக்கவேண்டியது குறைபாட்டுக்கு இடப்பட்ட பெயராகும். கூகிள் அதனைப் பதிவுசெய்தபோது குரோம் உலாவியின் குறைபாடாகவே விவரித்தது. ஆனால் அதே நூலகத்தின் பிரதிகள் பிற உலாவிகளிலும், படங்களைக் கையாளும் நிரல்களிலும் இருந்தன. எலெக்ட்ரொன் என்னும் சட்டகத்தைக் கொண்டு ஆக்கப்பட்ட மேசைக்கணினிச் செயலிகள் ஒவ்வொன்றும் குரோமியம் உலாவியின் முழுப்பிரதியொன்றைத் தம்முள் கொண்டிருப்பன. ஆதலால் லிப்வெப்பியின் பிரதியும் அவை ஒவ்வொன்றினுள்ளும் இருந்தது. குரோமைப் புதுப்பித்த ஒருவர், தம் கணினியில் அதே குறைபாடு வேறு செயலிகளுள் எஞ்சியிருப்பதை அறிய வழியில்லை. செப்டெம்பர் பிற்பகுதியில் நூலகத்தின் பெயரிலேயே இரண்டாவது பதிவொன்று செய்யப்பட்டு, அது முதலாவதன் மறுபதிவு எனப் பின்னர் நீக்கப்பட்டது. முதற் பதிவின் விவரணத்தில் லிப்வெப்பியின் பெயர் இடம்பெற்றது.

பண்டத்தின் பெயர் அதனுள் அடங்கிய உழைப்பின் பெயரை விழுங்கிவிடுகின்றது. சந்தையில் உலவுவது உலாவியின் பெயர்; நூலகம் அதனுள் பெயரற்றுக் கிடக்கின்றது. பெயரற்றுக் கிடப்பதைத் தேடித் திருத்துதல் இயலாது. எனவே உடன்பொதிந்தவற்றைப் பெயர், பதிப்பு, பெற்ற இடம் என்பவற்றோடு பதிவுசெய்தல் அலுவலகச் சம்பிரதாயமன்று. பராமரிப்பின் முதல் நிபந்தனையாகும்.

5. பிற்போடுதலும் அவசரமும்

மேம்படுத்தலைப் பிற்போடுதல் இலகுவானது. அதன் விளைவுகள் மெல்லவே வெளிப்படும். வேர்ட்பிரஸ் திட்டத்தின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டாகும். அத்திட்டம் ஜேகுவெரி நூலகத்தை உடன்பொதிந்து வழங்கிற்று. ஜேகுவெரியின் 3.0 பதிப்பு 2016 இல் வெளியாகியும், வேர்ட்பிரஸ் 1.12.4 ஆம் பதிப்பையே 2020 வரை வைத்திருந்தது. அதன் நடத்துநர் அறியாமையால் அவ்வாறு செய்தாரல்லர். பிறர் எழுதிய ஆயிரக்கணக்கான செருகுநிரல்களும் வடிவமைப்புகளும் பழைய இடைமுகத்தையே நம்பியிருந்தமையால், பொதிந்த பிரதியை மாற்றுதல் அவற்றையெல்லாம் முறிக்கக்கூடியதாயிருந்தது. உள்ளே வைத்த பிரதி, காலப்போக்கில், வெளியாருக்கு அளித்த வாக்குறுதியாக மாறிவிட்டது.

ஈற்றில் மாற்றம் படிப்படியாக நிறைவேற்றப்பட்டது. 2020 ஓகஸ்ற்றில் வெளியான 5.5 பதிப்பில், பழைய நிரல்களைத் தாங்கிநின்ற துணைக்கோப்பு முதலில் அகற்றப்பட்டது. முறிவுகள் வெளிப்பட்டு, பலர் தம் நிரல்களைத் திருத்த நேர்ந்தது. உடனே திருத்த முடியாதோருக்கு இடைக்கால உதவிச் செருகுநிரலொன்றும் வழங்கப்பட்டது. டிசெம்பரில் வெளியான 5.6 பதிப்பிலே ஜேகுவெரி 3.5.1 இடம்பெற்றது. நான்கு ஆண்டுகளின் தாமதத்தை ஒரே தாவலில் கடக்க முனையாது, ஒவ்வொரு படியிலும் எது முறிகின்றது என்பதை அறிந்து முன்சென்றமை இம்முயற்சியின் சிறப்பாகும்.

இத்தகைய தாமதத்தைத் ‘தொழினுட்பக் கடன்’ எனக் குறிப்பிடுதல் அத்துறையினரிடையே பெருவழக்காகும். வோர்ட் கனிங்கம் 1992 இல் கையாண்ட உருவகத்திலிருந்து வளர்ந்தது இவ்வழக்கு. ஆயின் இவ்வுருவகம் ஒன்றை மறைக்கின்றது. கடனெனின் வாங்கியவர் யார், கொடுத்தவர் யார், வட்டி செலுத்துபவர் யார் என்னும் வினாக்கள் எழவேண்டும். பொதிந்த நூலகத்தைப் புதுப்பிக்காது விட்டதனால் மிச்சமான நேரம் திட்டத்தை நடத்துவோருக்கு. அதனால் விளையும் ஆபத்தோ, அவ்வாறு ஒரு நூலகம் இருப்பதையே அறியாத பயனாளருக்கு. ஒருவர் வாங்க மற்றொருவர் செலுத்தும் இதனைக் கடன் என்பதிலும் சுமைமாற்றம் என்பதே பொருத்தமாகும்.

இதனால், புதிய பதிப்பு வந்தவுடன் எடுத்துக்கொள்வதே தீர்வு எனக் கொள்ளலாமா? அவ்வாறும் கூற இயலாது. 2024 மார்ச் 29 ஆந் திகதி, எக்ஸ்.இசட். என்னும் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய புதிய பதிப்புகளில் திட்டமிட்டு வைக்கப்பட்ட ஒரு கள்ளவாயில் இருப்பது வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணினியினுள் நுழையும் சேவை வழமையைவிட ஏறத்தாழ அரைச் செக்கன் தாமதிப்பதை ஐயுற்ற அந்திரஸ் புரொயின்ட் என்னும் பொறியியலாளர் அதனைக் கண்டுபிடித்தார். லினக்ஸ் விநியோகங்கள் சிலவற்றின் சோதனைக் கிளைகளை அது எட்டியிருந்தது. டெபியனின் நிலைப்பதிப்பு போன்றவை பழைய பிரதியையே வைத்திருந்தமையால் தப்பின. வெளியீட்டுப் பொதியில் இருந்த கட்டமைப்புக் கோப்பொன்றின் தீய பகுதி பொதுக் களஞ்சியத்தில் காணப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இரண்டையும் ஒப்பிட்டு நோக்காது பிரதிசெய்தவர், எவரும் கண்ணுறாத ஒன்றையே தம்முள் ஏற்றுக்கொண்டவராவர்.

பிற்போடுதல், அவசரம் ஆகிய இரண்டும் ஒரே குறைபாட்டின் இரு வெளிப்பாடுகளே. இரண்டிலும் வாசித்தறிதல் என்னும் உழைப்பு தவிர்க்கப்படுகின்றது. மேம்படுத்தல் என்பது, என்ன மாறியது, ஏன் மாறியது, அது எமது திட்டத்தை எவ்வாறு பாதிக்கும் என்பவற்றை அறிந்து செய்யும் விமர்சனபூர்வமான செயலாதல் வேண்டும்.

6. உழைப்போர் யாவர்

எக்ஸ்.இசட். நிகழ்ச்சி மற்றோர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. அந்நூலகத்தை நெடுங்காலம் பேணிவந்தவர் ஒரு தனிமனிதர். திட்டம் மந்தகதியில் நடைபெறுவதாகச் சிலர் 2022 இல் அவரைப் பகிரங்கமாக நெருக்கியபோது, அது ஊதியமற்ற பொழுதுபோக்கு முயற்சி என்பதை அவர் நினைவூட்டினார். அச்சூழலிலே நம்பிக்கையைப் படிப்படியாகப் பெற்று, பராமரிப்புப் பொறுப்பில் பங்குகொண்ட ஒரு புனைபெயரினரே கள்ளவாயிலை வைத்தவர் என்பது பின்னர் தெரியவந்தது. நிரலின் பலவீனத்துக்கு முன்பே உழைப்புறவின் பலவீனம் நிலவியது.

பத்தாண்டுகளுக்கு முன்னரும் நிலைமை இதுவே. 2012 மார்ச்சில் வெளியான ஓப்பின் எஸ்.எஸ்.எல். 1.0.1 பதிப்பில் புகுந்த ‘ஹார்ட்பிளீட்’ என்னும் குறைபாடு, 2014 ஏப்ரல் 7 வரை பகிரங்கமாகவில்லை. உலக வர்த்தகத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த மறைகுறியாக்க நூலகத்தில் முழுநேரமாக உழைத்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. குறைபாடு வெளிப்பட்ட அதே மாதத்தில், கூகிள், மைக்ரோசொப்ற், ஐ.பி.எம். முதலிய நிறுவனங்களின் நிதியோடு லினக்ஸ் நிதியம் உதவித் திட்டமொன்றை அறிவித்தது. அதுவரை அந்நிறுவனங்கள் அந்நூலகத்தின் பயனைப் பெறாதிருந்தன அல்ல. பயன் தனியாரிடமும் பராமரிப்புச் சுமை ஒருசிலரிடமும் தங்கியிருந்தன என்பதே உண்மை.

சமூகத்தின் பொது அறிவு நேரடியான உற்பத்திச் சக்தியாக மாறும் நிலைமையை மார்க்ஸ் 1857-58 இல் எழுதிய ‘குருண்ட்றிச’ கையெழுத்துப்படிகளில் எதிர்நோக்கினார். திறந்தமூல நூலகங்கள் அவ்வகைப் பொது அறிவின் தெளிவான வடிவங்களாகும். ஆயினும் பொதுவில் ஆக்கப்பட்டது பொதுவிற் பேணப்படுவதற்கான ஒழுங்கு இயல்பாகத் தோன்றிவிடுவதில்லை.

சட்டம் இப்பொழுது இவ்விடயத்தில் கால்வைக்கத் தொடங்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசெம்பர் 10 ஆந் திகதி வலுவுக்கு வந்த இணையத் தாங்குதிறன் சட்டம், சந்தைப்படுத்தும் உற்பத்தியாளர் தாம் உள்ளடக்கும் பிறர் கூறுகள் பற்றி உரிய கவனம் செலுத்த வேண்டும் என விதிக்கின்றது. அக்கூறுகளில் குறைபாட்டைக் கண்டால் அவற்றைப் பேணுவோருக்கு அறிவிக்கவும், தாம் திருத்தம் செய்திருப்பின் அதனைப் பகிரவும் அது பணிக்கின்றது. எடுத்தல் திருப்பிக் கொடுத்தலோடு இணைந்தது என்னும் கோட்பாடு சட்டமொழியில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும்.

7. நடைமுறை ஒழுங்குகள்

மேலே கண்டவற்றிலிருந்து, பொதிந்தே தீரவேண்டிய திட்டங்களுக்குச் சில ஒழுங்குகளை வகுத்துக் கூறலாம்.

முதலாவது, பதிவு. குரோமியம் திட்டத்திலே புறநூலகம் ஒவ்வொன்றும் தனிக் கோப்புறையில் வைக்கப்பட்டு, அதன் பெயர், பெற்ற முகவரி, பதிப்பு, உரிமம், செய்த உள்ளூர் மாற்றங்கள் என்பன ஒரு குறிப்பேட்டில் எழுதப்படுகின்றன. உட்பிரதிகளைப் பெரும்பாலும் தடைசெய்திருந்த பெடோரா திட்டம் 2015 இல் அத்தடையைத் தளர்த்தியபோதும், உட்பிரதி இருப்பின் அதனைப் பொதியின் விவரத்தில் அறிவித்தல் வேண்டும் என வலியுறுத்தியது.

இரண்டாவது, உள்ளூர் மாற்றங்களைத் தனிமைப்படுத்தல். பொதிந்த நிரலின்மேல் நேரே கைவைத்து மாற்றுதல், உரையாசிரியர் தம் சொற்களை மூலபாடத்துள் கலந்துவிடுதல் போன்றதாகும். மூலப்பிரதியை மாறாது வைத்து, மாற்றங்களைத் தனித் திருத்தக் கோப்புகளாகப் பேணினால், அடுத்த பதிப்பு வரும்போது எவை இன்னும் தேவை, எவை மூலத்தில் ஏற்கப்பட்டன என்பதை உடனே அறியலாம்.

மூன்றாவது, திருத்தங்களை மூலத்திட்டத்துக்கு அனுப்புதல். இது தருமமன்று, சுயநலமும் பொதுநலமும் ஒன்றிணையும் இடமாகும். ஏற்கப்பட்ட ஒவ்வொரு திருத்தமும் எதிர்காலத்தில் சுமந்துசெல்ல வேண்டாத ஒரு சுமையாகும்.

நான்காவது, சிறிதாகவும் ஒழுங்காகவும் மேம்படுத்தல். மேம்படுத்தலைத் திட்டத்தின் பிற மாற்றங்களோடு கலவாது தனிமாற்றமாகச் செய்து, சோதனைகளை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். முறிவு நேரின் காரணம் எங்கே என்பது அப்பொழுதே தெளிவாகும்.

ஐந்தாவது, நீக்கல். ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் ஒரு திட்டத்தில் இருப்பின் ஒன்றாக்க வேண்டும். தேவையற்றதை அகற்ற வேண்டும். பகிரப்பட்ட பிரதி உள்ள முறைமைகளில் அதனையே பயன்படுத்தும் தெரிவைப் பொதியாளருக்கு விட்டுவைத்தல் வேண்டும்.

இவ்வொழுங்குகள் யாவற்றுக்கும் ஆட்பலமும் நேரமும் தேவை. இறுதியில் பிரச்சினை மீண்டும் உழைப்பிடமே வந்து சேர்கின்றது. புதியன ஆக்குவோருக்குப் புகழும் ஊதியமும் உரியனவாகவும், ஆக்கியதைப் பேணுவோர் கண்ணுக்குப் புலப்படாதோராகவும் இருக்கும் அமைப்பிலே, எத்தனை குறிப்பேடுகள் எழுதப்பட்டாலும் அவை பழையனவாகிவிடும். ஒரு நிறுவனம் தன் மென்பொருளில் எத்தனை புறநூலகங்கள் உள்ளன எனக் கணக்கிடுவதோடு நில்லாது, அவை ஒவ்வொன்றையும் கவனிப்பதற்கு யாருடைய எத்தனை மணிநேரம் ஒதுக்கப்பட்டுள்ளது, மூலத்திட்டத்துக்கு அதில் எவ்வளவு திரும்புகின்றது எனவும் கணக்கிட வேண்டும். இரண்டாவது கணக்கு வெறுமையாயிருப்பின், முதலாவது கணக்கினால் விளையும் நன்மை மிகச் சொற்பமே.